சட்டை பிய்ந்து பிய்ந்து உரிந்தால்

பால் பைத்தான் (ball python) என்ற வளர்ப்பு மலைப்பாம்பின் சட்டை, காலுறையைக் கழற்றுவதுபோல உள்புறம் வெளியே திரும்பி முழுசாக வர வேண்டும். பிய்ந்து வந்தால் பெரும்பாலும் கூண்டில் ஈரப்பதம் போதவில்லை. உரிக்கும் முன் கண் நீலம் பாயும்போதே ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு ஏற்றிவிடுங்கள். அந்த நாட்களில் கையில் எடுக்காதீர்கள். பார்வை மங்கியிருக்கும், மிரளும்.

ஒட்டிக்கொண்டதா? துளையிட்ட டப்பாவில், 28–30 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டைப் போட்டு, பாம்பை அதற்குள் அரை மணி நேரம் விடுங்கள். மடிப்புகளில் ஊர்ந்து தானே உரித்துக்கொள்ளும். மிச்சத்தை மறுநாள் பார்க்கலாம், பிடித்து இழுக்காதீர்கள். வால் நுனியில் வளையமாக நின்றால் மட்டும் அலட்சியம் வேண்டாம்: ரத்த ஓட்டம் தடைபட்டு நுனி அழுகிவிடும். கண் மேல் உரியாமல் நிற்கும் பழைய செதிலை நகத்தாலோ டேப்பாலோ தொடவே கூடாது. அடுத்த உரிப்பிலும் போகாவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர்தான்.