படுத்திருக்கும் கோடு

வேலையில் என் பொழுது பெரும்பாலும் வரைபடங்களோடுதான் போகிறது. எண்களைப் பட்டையும் கோடுமாக மாற்றி, கூட்டத்துக்கு முன் அனுப்பிவைக்க வேண்டும். 'நல்லா இருக்கு' என்பார்கள். அப்புறம் அடுத்த வாரத்து அறிக்கை. அதை யார் படித்தார்கள், படித்து என்ன செய்தார்கள் என்பது மட்டும் தெரியாது.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களைத் தயாரித்துக் கொடுக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை என்று சொன்னால் மிகை. வீட்டிலிருந்தே செய்யலாம், தமிழும் கணினியும் தெரிந்தால் போதும் என்றார்கள். சரி, பார்ப்போம் என்று தோன்றியது.

ஸ்கேன் செய்த பக்கத்தை ஓசிஆர் மென்பொருள் எழுத்தாக மாற்றித் தரும். அதைத் திருத்தி, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் ஒழுங்காக வாசிக்கும்படி செய்து கொடுக்க வேண்டும். துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்துப் பார்க்க மென்பொருள் திணறும். 'மரம்' என்பது 'மாம்' என்று வந்திருந்தால் கண்ணால் படிப்பவர் தானே திருத்திக்கொள்வார். காதால் கேட்பவருக்கு 'மாம்' என்றுதான் விழும். தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டால் மட்டும் போதாது, அதைத் தலைப்பு என்றே கோப்பில் குறிக்க வேண்டும். அப்போதுதான் ஒரே விசையில் அடுத்த பாடத்துக்குத் தாவ முடியும். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-ல் எழுதத் தொடங்கிய என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை நிறுவி, திரையை அணைத்துவிட்டு என் கோப்பை நானே கேட்டுப் பார்ப்பேன்.

பதிப்புரிமை உள்ள நூலை இப்படி மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற வழிவிடும் சர்வதேச ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கை, 2013-ல் ஏற்கப்பட்டது, இதற்காகவே வந்ததுதான்.

படங்கள்தான் பெரிய வேலை. பனிக்கட்டியைச் சூடாக்கும்போது வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடத்தை விவரித்து அனுப்பியிருந்தேன். கோடு ஏறுகிறது, படுக்கிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி படுக்கிறது. அச்சுகளின் பெயர், அளவு எல்லாம் இருந்தது. ஒருங்கிணைப்பாளரும் பார்வையற்றவர். போனில் கூப்பிட்டார்.

"தம்பி, கோடு ஏன் படுத்திருக்கு?"

"வெப்பநிலை ஏறலை சார்."

"அடுப்பு எரியுதில்ல? அந்தச் சூடு எங்கே போச்சு? அதைச் சொல்லுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்."

பள்ளியில் உள்ளுறை வெப்பம் படித்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. உருகி முடியும்வரை வெப்பநிலை பூச்சியத்திலேயே நிற்கிறது, கொடுக்கிற வெப்பமெல்லாம் உருகுவதற்கே செலவாகிறது என்று தொடங்கி மறுபடி எழுதினேன். பக்கம் பாதியாகச் சுருங்கியது.

அலுவலகத்திலும் அந்த 'ஏன்' என்ற கேள்வி தொற்றிக்கொண்டது. வரைபடத்தின் கீழே அது எதற்காக இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிப் பார்க்கிறேன். எழுத வரவில்லை என்றால் படத்தையே எடுத்துவிடுகிறேன். அறிக்கை மொட்டையாக இருக்கிறது என்று சிலருக்குக் குறை. ஆனால் கூட்டத்தில் இப்போது கேள்வி வருகிறது. தலைமைப் பண்பு வளர்க்கிறோம் என்று நிறுவனம் அனுப்பிய பயிற்சிகள் இதில் பாதிகூடச் செய்யவில்லை. ஒரே நிறச் சட்டை போட்டு, பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் தன்னார்வ நாட்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே நம் வேலை சரியில்லை என்று சொல்லும் உரிமை, அதைப் பெறுகிறவருக்கு இருப்பதில்லை.

அந்தப் பாடத்தைப் படித்த மாணவி ஒருத்தி, விவரிப்பில் இருந்த நேர அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கொதிக்கும் பகுதி உருகும் பகுதியைவிட ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டு எழுதியிருந்தாள். ஒரு கிலோ பனி உருகச் சுமார் 334 கிலோஜூல் போதும். ஒரு கிலோ நீர் கொதித்து ஆவியாகச் சுமார் 2,260 வேண்டும். மூலக்கூறுகளை நகரவிடுவது வேறு, அடியோடு பிரித்துவிடுவது வேறு என்று பதில் அனுப்பினேன். ஒருங்கிணைப்பாளர் அதையும் விவரிப்பில் சேர்த்துவிடச் சொன்னார்.