பதினான்கில் எத்தனையாவது?

2025 ஜூன் 2, திங்கள்

போகும்போது 108 நிமிடம், திரும்பும்போது 141 நிமிடம். இன்று முதல் இரண்டையும் எழுதி வைக்கப் போகிறேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்பவர்களிடமெல்லாம் "ஏறக்குறைய இரண்டு மணி நேரம்" என்று ஐந்து வாரங்களாகச் சொல்லி வருகிறேன். அந்த "ஏறக்குறைய" என்ற சொல்லுக்குள்தான் என் மாலைப் பொழுதுகள் போய்விடுகின்றன. எட்டு மணிக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். இன்று 8.06 ஆகிவிட்டது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

ஜூன் 3, செவ்வாய்

106, 112. ரயிலில் வரும்போது அம்மா தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "பதினான்கில் எத்தனையாவது?" என் ரயில் பாதையில் பதினான்கு நிலையங்கள்.

ஜூன் 4, புதன்

109, 138. ரயிலை விட்டு இறங்கியபின் ஏற வேண்டிய பேருந்துக்காக 22 நிமிடம் நின்றேன். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று நிறுத்தத்தில் எழுதியிருக்கிறது. கடைசியில் இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. முன்னதில் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள், பின்னதில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. நிற்கும்போது யார் மீதாவது கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால் இதில் யாருடைய அலட்சியமும் இல்லை. முதல் பேருந்து எங்கோ இரண்டு நிமிடம் தாமதித்தால், அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாகச் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறி முடிக்க இன்னும் சற்று நேரம் பிடிக்கிறது. இப்படி ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாமதம் வளர்ந்துகொண்டே போகிறது. பின்னால் வரும் பேருந்துக்கோ ஏற்றிக்கொள்ள ஆளே இருப்பதில்லை என்பதால் அது விரைந்து வந்து முன்னதை எட்டிப்பிடித்துவிடுகிறது. நெவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணக்காக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். ஒருமுறை ஒட்டிக்கொண்ட பேருந்துகள் தாமாகப் பிரிவது அரிது. ஒன்றை நிறுத்திவைத்துப் பிறகு அனுப்பினால்தான் இடைவெளி மீளும்.

நின்றுகொண்டே நானும் ஒரு கணக்குப் போட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒன்று பிசகாமல் வந்தால், நினைத்த நேரத்தில் போய் நிற்பவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே எண்ணிக்கையில் பேருந்துகள் 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடமாகிறது, ஏனென்றால் நாம் போய் நிற்கும் கணம் நீண்ட இடைவெளிக்குள் விழத்தான் அதிக வாய்ப்பு. பேருந்துகளின் எண்ணிக்கை குறையவே இல்லை, காத்திருப்பு மட்டும் கூடிவிடுகிறது. படுத்தபிறகும் இந்த 8.2 தலையை விட்டுப் போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

107, 119.

ஜூன் 6, வெள்ளி

110, 117. மூன்றாவது பெட்டியின் இரண்டாவது கதவருகில் நின்றால், இறங்கும்போது படிக்கட்டு நேர் எதிரே இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டேன். கூட்டத்துக்கு முன்னால் மேலேறிவிடுவதால் மூன்று நிமிடம் மிஞ்சுகிறது. இருக்கை கிடைத்தாலும் இனி அந்தக் கதவை விடுவதாக இல்லை.

அங்கே தலைக்கு மேலே தொங்கும் கைப்பிடி வளையத்தை இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிப்புறம் இன்னும் சொரசொரப்பாக, செய்து அனுப்பியபோது இருந்தபடியே இருக்கிறது. உட்புறத்தில் நான்கு விரல்கள் படியும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, வெள்ளை மங்கி மஞ்சளாகியிருக்கிறது. கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று இருக்கிறது; என் கட்டைவிரல் அதில் சரியாகப் பொருந்துகிறது. எத்தனை பேர் எத்தனை மாலைகள் பிடித்தால் இவ்வளவு தேயும்!

கால் வீக்கத்துக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. நின்றபடியே குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்க வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் தேங்கும் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் இருபது தடவை என்று வைத்துக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

108, 124. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளைத் துண்டு துண்டாக நினைவுகூரச் சொல்லி, ஒவ்வொரு துண்டிலும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டு, 2004-ல் வெளியிட்டிருக்கிறார்கள். இன்பம் மிகக் குறைந்த வேளையாகப் பட்டியலின் அடியில் இருந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். என் நிலைமை வேறாக இருக்கிறது. காலைப் பயணத்தில் நெரிசல் இருந்தாலும் எனக்கு நிம்மதி இருக்கிறது. தம்பி இரவுப் பணி முடிந்து 5.10-க்கே வந்துவிடுவதால் வீட்டை நினைத்துப் பதற வேண்டியதில்லை. மாலை 5.45-க்கு அலுவலகப் படியிறங்கும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்குகிறது.

ஜூன் 10, செவ்வாய்

112, 163. அம்மாவிடம் பொய் சொன்னேன். ஐந்தாவதில் நின்றுகொண்டிருந்தபோது "பத்தாவது" என்று சொல்லிவிட்டேன். 8.28-க்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 11, புதன்

107, 115. அம்மா ஏன் எண்ணைக் கேட்கிறார் என்று இன்றுதான் அக்கா காட்டினார். கட்டிலின் பக்கத்து முக்காலியில் 14 சட்டைப் பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன. நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, அம்மா வலக்கையால் ஒவ்வொரு பொத்தானாக நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டுபோகிறாராம். பதினான்கும் சேர்ந்தபிறகு, நான் வந்துவிடுவேன் என்று கதவைப் பார்த்தபடி இருப்பாராம். ஒரு பொத்தான் மட்டும் பெரியது, கறுப்பு. பழைய கோட்டில் இருந்ததாக இருக்க வேண்டும். அது கடைசி நிலையம்.

நேற்று ஐந்து பொத்தான்களை ஒரேயடியாக நகர்த்த வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

109, 121.

ஜூன் 13, வெள்ளி

104, 150. பேருந்து நகரவில்லை. விபத்து இல்லை, சாலையில் பள்ளமும் இல்லை, ஒரு வண்டியும் பழுதாகி நிற்கவில்லை. நெரிசல் விலகியபோது அதற்குக் காரணமாக எதுவும் கண்ணில் படவில்லை. ஜப்பானில் ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்து, 2008-ல் வெளியிட்டார்கள். எந்தத் தடையும் இல்லாமலேயே சிறிது நேரத்தில் சில கார்கள் நின்று நின்று போக வேண்டியதாயிற்று. ஒருவர் சற்று வேகம் குறைக்க, பின்னால் வருபவர் அதைவிடச் சற்று அதிகமாகக் குறைக்க, நெரிசல் அலையாகப் பின்னோக்கி நகர்கிறது. முன்னால் எங்கோ யாரோ பிரேக்கில் கால் வைத்தது, அவருக்குத் தெரியாமலேயே, என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

8.15. அக்கா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பத்து நாள் கணக்கு ஆகிவிட்டது. காலைப் பயணத்தின் சராசரி 108 நிமிடம். மிகக் குறைவு 104, மிக அதிகம் 112. இடைவெளி எட்டே நிமிடம். மாலைச் சராசரி 130. குறைவு 112, அதிகம் 163, இடைவெளி 51. மனிதர்கள் எந்தக் காலத்திலும் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்று மார்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல் எழுதினார். நான் ஏறக்குறைய நான்கு மணி நேரம் கொடுக்கிறேன். ஆனாலும் நான்கு மணி நேரம் என்பது என்னை உடைக்கவில்லை. தினமும் மாறாத 130 நிமிடமாக இருந்தால் நான் அதற்குப் பழகிவிடுவேன். அதற்குள் படிக்கவும் தூங்கவும் அம்மாவுடன் பேசவும் பகுத்துக்கொள்வேன்.

5.45-உடன் 130 நிமிடத்தைக் கூட்டினால் 7.55. சராசரியைக் கேட்டால் நான் ஐந்து நிமிடம் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள். பத்து நாளில் நான்கு நாள் தாமதமாக வந்திருக்கிறேன். சாலைப் போக்குவரத்தைத் திட்டமிடுபவர்கள், கட்டாயம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர் சராசரியை நம்பக் கூடாது, இருபது நாளில் ஒருநாள் மட்டுமே மிஞ்சக்கூடிய நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். 5.15-க்குப் புறப்பட்டிருந்தால் 163 நிமிடம் ஆன அன்றுகூட 7.58-க்கு வந்திருப்பேன். அரை மணி நேரம். பத்து நாளும் தப்பித்திருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

105, 133. எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு வந்ததால், துணிந்து அக்காவிடம் கேட்டேன்: நான் தாமதமாக வந்த நாட்களில் நீங்கள் வீட்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்தீர்கள்? அவர் சொல்ல விரும்பவில்லை. வற்புறுத்தியபின் சொன்னார். அவருடைய பேருந்து 8.10-க்கு, நிறுத்தத்துக்கு நடக்க எட்டு நிமிடம். அதை விட்டால் அடுத்தது 9.00 மணிக்கு. ஆக, நான் 8.03-க்கு வந்தாலும் 8.28-க்கு வந்தாலும் அவருக்கு ஒன்றுதான். என்னுடைய மூன்று நிமிடம் அவரிடம் போய் ஐம்பது நிமிடமாகிறது. அவர் வீட்டில் அவருக்காகக் காத்திருப்பவர்களிடம் அது எவ்வளவாகிறது என்று நான் கேட்கவில்லை. ஆறு வாரங்களுக்கு மேலாக என் பயணம் என் பயணம் என்றே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இவரும் தினமும் இந்த நகரத்தைக் கடந்து வந்து போகிறவர் என்பது ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 18, புதன்

107, 118. காலை 7.30-க்குத் தொடங்கி மாலை 5.15-க்கு முடிக்க அனுமதி வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை நேரத்தில் ஒரு நிமிடமும் குறையாது என்பதை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

பதில் இல்லை. 108, 122.

ஜூன் 24, செவ்வாய்

106, 171. ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் ரயில் நின்றுவிட்டது. விளக்கு எரிந்தது, காற்று வந்தது, அறிவிப்பு மட்டும் வரவில்லை. முதல் கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் கைபேசியை எடுத்தார்கள். சுரங்கத்துக்குள் யாருக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. எனக்கு அந்த முக்காலிதான் கண்முன் நின்றது. ஒன்பது பொத்தான்கள் ஓரத்தில் இருக்கின்றன, ஐந்து எஞ்சியிருக்கின்றன, அம்மாவின் விரல் பத்தாவதன் மீது இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று ஒரே ஒரு வார்த்தை, தவறான வார்த்தையாக இருந்தாலும்கூட, யாராவது ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் அந்த நாற்பது நிமிடத்தை வேறு விதமாகக் கழித்திருப்பேன். பக்கத்தில் நின்றவர் என் கைப்பிடியையே தானும் பிடித்துக்கொண்டார். நகரவும் தோன்றவில்லை, மறுக்கவும் தோன்றவில்லை.

வந்தபோது பத்தாவது பொத்தான் அம்மாவின் கைக்குள் இருந்தது.

ஜூன் 25, புதன்

அக்கா இன்று வந்தார். வருவாரோ மாட்டாரோ என்று காலையெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். 109, 116.

ஜூன் 27, வெள்ளி

அனுமதி கிடைத்தால் எப்படியிருக்கும் என்று பார்ப்பதற்காகவே காலை 5.20-க்குப் புறப்பட்டேன். 88 நிமிடத்தில் போய்விட்டேன். அரை மணி முந்தினால் இருபது நிமிடம் குறைகிறது. பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1969-ல் எழுதியதும் இதைப் பற்றித்தான்: குறுகிய வழியில் எல்லோரும் ஒரே வேளையில் நுழைய விரும்பும்போது, முன்னதாகப் போவதால் வரும் இழப்பையும் வரிசையில் நிற்பதால் வரும் இழப்பையும் ஒவ்வொருவரும் ஒப்பிட்டுத்தான் புறப்படும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காலையில் அந்தத் தேர்வு என் கையில் இருக்கிறது. போக்குவரத்து என்ற சொல்லில் போக்கும் இருக்கிறது, வரத்தும் இருக்கிறது. போக்கை நான் சரிசெய்துகொண்டேன். வரத்துக்கு இன்னொருவருடைய கையெழுத்து வேண்டியிருக்கிறது.

மாலை 127.

ஜூலை 1, செவ்வாய்

107, 139. கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள்.

ஜூலை 2, புதன்

நாளை நாலரை மணிக்கு வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். 108, 120. பத்து நாள் கணக்கைத் தனித் தாளில் சுத்தமாக எழுதி வைத்திருக்கிறேன். சராசரியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருப்பதால், தாமதமான நான்கு நாட்களின் கீழே கோடிட்டேன். அக்காவின் பேருந்து நேரத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்து, சேர்த்து, அடித்து, மறுபடியும் எழுதினேன்.

ஜூலை 3, வியாழன்

காலை 106. பேச வேண்டியவர் நாலரைக்கு வேறு கூட்டத்தில் இருந்தார். 5.30 வரை வெளியே உட்கார்ந்திருந்தேன். தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இதை ரயிலில் நின்றபடி எழுதுகிறேன். ஆறாவது தாண்டிவிட்டது, அம்மாவை அழைக்க வேண்டும்.