நாலுக்கு எட்டு: கராஜில் கட்டின ரெயிலர்

வீட்டுக்கு முன்னால் நிற்கும் பெட்டியைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அண்ணை கேட்ட முதல் கேள்வி: "என்ன தம்பி, கோழி வளர்க்கப் போறீரோ?"

இல்லை அண்ணை, காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கிற ரெயிலர் என்றேன். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்ப கூரையைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கலாமே." அது உண்மைதான். உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்தால் என் தலைக்கும் கூரைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி.

போன கோடையில் மகளோடு கூடாரத்தில் கழித்த மூன்று இரவில் இரண்டு இரவு மழை. அங்கே தொடங்கிய ஆசை இது. கடையில் ஆயத்தமாக விற்கும் கண்ணீர்த்துளி வடிவ ரெயிலர்களின் விலையைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். 2,000 கனடிய டொலர், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று வீட்டில் உடன்படிக்கை ஆனது. மனைவி இன்னொரு நிபந்தனையும் போட்டார்: "நான் அதுக்குள்ள படுக்க மாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

இந்த வகை ரெயிலர்கள் 1930களில் இருந்தே அமெரிக்க வீட்டுக் கொட்டில்களில் கட்டப்பட்டு வருகின்றன. பெரும்பாலும் நாலடி அகலம், எட்டடி நீளம். அது பிளைவூட் பலகை ஒன்றின் அளவு. தரைக்கு ஒரு முழுப் பலகை, வெட்டவே தேவையில்லை. பின்பக்கம் வளைந்து இறங்குவதுதான் பார்க்க அழகு. ஆனால் வளைவு என்றால் மெல்லிய பலகையை நனைத்து வளைக்க வேண்டும், கழிவும் கூட. நான் வளைவை விட்டுவிட்டேன். முன்பக்கம் மட்டும் ஒரு சரிவு. கோழிக்கூடு மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

என் கார் ரொயோட்டா ராவ்4. இழுக்கக்கூடியது 680 கிலோ என்று கையேட்டில் இருக்கிறது. எல்லைக்கு முட்டக் கட்டுவது புத்தியில்லை, பாதியளவில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அதனால் சுவர்களுக்குக் கனமான பலகை இல்லை. வீட்டு நிலவறைச் சுவருக்கு அடிக்கும் ஓரங்குலப் போம் தகடு, அதைச் சுற்றி மரச் சட்டம், உள்பக்கம் மட்டும் மெல்லிய பிளைவூட்.

மார்ச் நடுப்பகுதியில் பழைய சாமான் ரெயிலர் ஒன்றை 350 டொலருக்குப் பிடித்தேன். இரும்புச் சட்டம் நல்லது. ரயர் புதிது போலப் பளபளத்தது. பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தை வாசித்தால் 0912: 2012ஆம் ஆண்டின் ஒன்பதாவது கிழமை. ஓடாமல் நின்ற ரயர் தேயாது, ஆனால் ரப்பர் கிழண்டிப் போகும். இரண்டையும் மாற்றினேன். இந்த 12 அங்குலச் சில்லுக்கு 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடிக்க வேண்டும். கார் ரயருக்கு அடிக்கிற அளவு அடித்தால் சூடேறி வெடிக்கும். சில்லு சுழலும் பெயரிங்கைக் கழற்றினால் உள்ளே கிறீஸ் காய்ந்து களிமண்ணாக இருந்தது. அதையும் கழுவித் துடைத்துப் புதுக் கிறீஸ் அடைத்தேன்.

ஏப்ரல் முழுக்க வீண். நான் வாங்கின மஞ்சள் மரப்பசை 13 பாகை செல்சியசுக்குக் கீழே சரியாகக் காயாது என்று போத்தலின் முதுகிலேயே போட்டிருக்கிறது. நான் வாசிக்கவில்லை. கராஜில் எட்டுப் பாகை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மூட்டுகளில் சுண்ணாம்பு போல வெள்ளைத்தூள். கையால் இழுத்தவுடன் கழன்றது. அடுத்த பிழை இன்னும் பெரியது. போமை ஒட்ட ஸ்பிரே பசை அடித்தேன். கண்ணுக்கு முன்னாலேயே போம் உருகி, வெல்லத்தில் எறும்பு அரித்த மாதிரிக் குழி குழியாகப் போனது. அந்த வகைப் பசையில் இருக்கும் கரைப்பான், இந்தப் போம் செய்யப்பட்டிருக்கும் பொலிஸ்ரைரீனைக் கரைத்துவிடும். ஒரு முழுத் தகடு குப்பைக்கு.

மே மாதம்தான் வேலை நடந்தது. வெளித்தோல் இந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அலுமினியம் போடக் காசில்லை, பைபர்கிளாஸ் போட மனமில்லை. பெயின்ற் அடிப்பவர்கள் தரையில் விரிக்கும் கன்வஸ் துணிதான் தோல். மரப்பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து உருளையால் சுவரில் தடவி, துணியைப் போர்த்தி, மேலே இன்னொரு தடவை பசை. காய்ந்த பிறகு வெளிச்சுவருக்கு அடிக்கும் சாதாரண பெயின்ற் நாலு பூச்சு.

முதல் துணியை நன்றாகத் தோய்த்துக் காயவைத்து ஒட்டினேன், சுத்தமாக இருக்கட்டுமே என்று. அங்கங்கே சுருக்கம், எதைச் செய்தும் போகவில்லை. மறுபக்கத்துக்குக் கடைத் துணியைத் தோய்க்காமலே ஒட்டி, மேலே தண்ணீர் விசிறினேன். மகள்தான் விசிறினாள், பூக்கன்றுக்கு அடிக்கும் போத்தலால். துணி காயக் காயச் சுருங்கி இழுத்துக்கொண்டது. விடிய வந்து விரலால் தட்டினால் தவில் தோல் மாதிரி 'டங்' என்றது. தோய்த்த துணி சுருங்க வேண்டியதையெல்லாம் தோய்ப்பிலேயே சுருங்கி முடித்துவிட்டது, அவ்வளவுதான். இப்போது ரெயிலரின் இடப்பக்கம் தாத்தா, வலப்பக்கம் பேரன்.

லைற் வயரிங் ஒரு பின்னேரம். மங்கலாக எரிந்தது, பூமிக் கம்பியைப் பெயின்றைச் சுரண்டாமல் முடுக்கியிருந்தேன். சுரண்டினதும் சரி.

சமையல் தட்டுப் பின்கதவுக்குள். அடுப்பு, 20 லீற்றர் தண்ணீர்க் கான், குளிர்பெட்டி, 24 கிலோ பற்றரி எல்லாம் அங்கேயே. கைக்கெட்டின தூரத்தில் எல்லாம் இருக்கிறது என்று பெருமைப்பட்டேன். ஜூன் முதல் சனி, மகளோடு டார்லிங்டன் மாகாணப் பூங்காவுக்கு முதல் ஓட்டம். நாங்கள் இருக்கும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து 401 நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. மணிக்கு 90 கிலோமீற்றரில் போகும்போது ஒரு பெரிய லொறி கடந்து போனது. கண்ணாடியில் பார்த்தால் பெட்டி வலம், இடம், வலம் என்று வாலாட்டுகிறது. காரின் பின்பக்கத்தையும் சேர்த்து உலுப்புகிறது. பிரேக்கை மிதிக்கத்தான் கால் துடித்தது. மிதித்தால் இன்னும் மோசமாகும் என்று படித்திருந்தேன். ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு, அக்சிலரேற்றரில் இருந்து காலை மட்டும் எடுத்தேன். 75க்கு வந்ததும் அடங்கியது. "அப்பா, அது டான்ஸ் ஆடுது!" என்று பின் சீற்றில் சிரிப்பு. என் உள்ளங்கை நனைந்திருந்தது. மீதித் தூரமெல்லாம் வலது ஒழுங்கையில் 70.

திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, போகமுதல் செய்திருக்க வேண்டியது. கல், மணல் விற்கும் இடத்து லொறித் தராசில் ஏற்றினேன்: மொத்தம் 390 கிலோ. பிறகு குளியலறைத் தராசை எடுத்துவந்து, அதன் மேல் மரக்குற்றியை நிறுத்தி, ரெயிலரின் மூக்கைக் காரில் கொளுவும் உயரத்திலேயே அதில் இருத்தினேன். 16 கிலோ. மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு நாலு! மூக்கில் இறங்கும் பாரம் நூற்றுக்குப் பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் இருக்க வேண்டும். சில்லுகளின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் அது ஊசல் மாதிரி ஆடத்தான் செய்யும். பற்றரியை மட்டும் மூக்கில் ஒரு பெட்டி செய்து முன்னால் கொண்டுபோனேன். 46 கிலோ ஆனது. சார்ஜ் ஏறும்போது ஐதரசன் விடும் சாமான் படுக்கிற இடத்தைவிட்டு வெளியே போனதும் நல்லது. அடுத்த ஓட்டத்தில் 95இல் லொறி கடந்தும் பெட்டி அசையவில்லை.

அந்த முதல் இரவைச் சொல்லவில்லையே. வெளியே ஒரு துளி மழை இல்லை. விடிய நாலு மணிக்கு மகள் உலுப்பினாள்: "அப்பா, உள்ளுக்க மழை பெய்யுது." கூரையில் இருந்து அவள் நெற்றியில் சொட்டு. ஒழுக்கு என்று நினைத்து லைற்றைப் போட்டு மூட்டெல்லாம் தடவினேன், ஒழுக்கு இல்லை. இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் விடும் ஈரம் அரை லீற்றர் அளவு வரும். குளிர் என்று இரண்டு யன்னலையும் இறுக்கிச் சாத்தியிருந்தேன், அந்த ஈரத்துக்குப் போக வழியில்லை. இரண்டு யன்னலையும் விரல் அளவு திறந்து வைத்ததும் சொட்டு நின்றது. குளிர் உள்ளே வந்தது.

இதுவரை 2,140 டொலர். 140ஐப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு எழவில்லை. உருகின போம் இல்லாவிட்டால் கணக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இனி மிச்சம் கூரைக் காற்றாடி. அதுவும் பழையதாக ஒன்று 40 டொலருக்குக் கிடைத்தது, ஓடுகிறது. 14 அங்குலச் சதுரமாக ஓட்டை வெட்ட வேண்டும். ஒரு சொட்டும் ஒழுகாத கூரையில் பென்சிலால் சதுரம் கீறி இரண்டு கிழமை ஆகிறது. அறுக்கிற வாளை இன்னும் கையில் எடுக்கவில்லை.