பாஸிங் சரியாக வர, ஸ்ப்ரின்டை விடுங்கள்

கால்பந்து வீடியோ கேமில் பாஸிங்கை எப்படி மேம்படுத்துவது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஸ்ப்ரின்ட், அதாவது ஆட்டக்காரரை வேகமாக ஓட வைக்கும் பட்டனிலிருந்து விரலை எடுங்கள். ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி ஆடினாலும் சரி, ஈஃபுட்பால் ஆடினாலும் சரி, பந்து வந்ததும் ஸ்ப்ரின்டை அழுத்திப் பிடிப்பது பலருக்குக் கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். வேகமாக ஓடும்போது ஒவ்வொரு தொடுதலிலும் பந்து காலை விட்டு முன்னால் போய்விடும். அப்போது பாஸ் பட்டனை அழுத்தினால், ஆட்டக்காரர் பந்தை எட்டிய பிறகுதான் பாஸ் கிளம்பும். டிஃபெண்டர் நடுவில் கால் நீட்ட அந்த இடைவெளி போதும்.

அப்புறம், உடம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் இருப்பவருக்குத் தொட்டவுடன் பாஸ் கொடுக்கச் சொன்னால், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் பந்து தளர்ந்து, திசை மாறிப் போகும். கேம் ஏமாற்றுகிறது என்று பலர் கோபப்படுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அது நிஜக் கால்பந்துக்கு நியாயம் செய்கிறது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சென்டர் பேக்கிடம், அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரிடம், பந்து இருக்கிறது. அவருக்கு முன்னால் ஆடும் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் நம் கோலைப் பார்த்தபடி நிற்கிறார், அவர் முதுகை ஒட்டி எதிரணி ஆள் ஒருவர். அவருக்குப் பாஸ் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அவரைத் திரும்ப வைக்கக் கூடாது. பந்து அவரை நோக்கி உருளும்போதே ஃபுல் பேக் (ஓரத்துத் தடுப்பாட்டக்காரர்) எங்கே இருக்கிறார் என்று ராடாரில், அதாவது திரையில் தெரியும் குட்டி மைதான வரைபடத்தில், பார்த்துவிடுங்கள். பந்து வந்ததும், அவர் முகம் பார்க்கும் பக்கமாகவே சாய்வாக ஃபுல் பேக்குக்குத் தள்ளிவிடுங்கள். எதிரணி நடுவில் குவிந்திருப்பதால் ஓரத்தில் இடம் காலியாக இருக்கும். சென்டர் பேக்கிலிருந்து நேராக ஃபுல் பேக்குக்குக் கொடுத்திருந்தால் அந்த இடம் திறந்திருக்காது. எனக்கு கோல் அடிப்பதைவிட இந்த இரண்டு பாஸ்கள் தரும் சந்தோஷம் அதிகம்.

பட்டன்களைப் பொறுத்தவரை நான் பிளேஸ்டேஷனில் ஆடுகிறேன், அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24-இல் ஆர்1 பிடித்து, பாஸ் பட்டனான எக்ஸை அழுத்தினால் தரையோடு வேகமாகப் போகும் பாஸ் கிடைக்கும். இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவே ஊடுருவ இதுதான் சரி. பக்கத்திலேயே நிற்பவருக்கு இதைக் கொடுத்தால் பந்து அவர் காலில் பட்டுத் தெறித்துவிடும். எல்1 பிடித்து எக்ஸ் அழுத்தினால், பாஸ் கொடுத்தவர் அப்படியே முன்னால் ஓடுவார். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், அருமையான ஆயுதம். நடு மிட்ஃபீல்டரை வைத்து அடிக்கடி செய்தால், பந்து பறிபோகும்போது அவர் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கும்.

கேமராவின் உயரத்தைக் கூட்டி, ஜூமைக் குறைத்து வையுங்கள். மைதானம் தெரிந்தால்தானே பாஸ் தெரியும்.

செட்டிங்கில் தரைப் பாஸுக்கு அசிஸ்டட் (கேம் அதிகம் உதவும்), செமி (கொஞ்சம்தான் உதவும்) என்று இருப்பதில், ஆன்லைனில் அசிஸ்டடே போதும். ஆனால் கம்ப்யூட்டரோடு ஆடும்போது சில நாள் செமியில் ஆடிப் பாருங்கள். அனலாக் ஸ்டிக்கை எந்தக் கோணத்தில் சாய்க்கிறோம், பவர் பாரை எவ்வளவு நிரப்புகிறோம் என்பதில் தானாகவே கவனம் வந்துவிடும். திரும்ப அசிஸ்டடுக்கு வந்தாலும் அந்தக் கவனம் போகாது.

ஆட்டம் முடிந்ததும் காட்டும் பாஸ் சதவீதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பின்னாலேயே தட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் 95 வரும். எதிரணியின் ஒரு வரிசையையாவது தாண்டிய பாஸ்கள் எத்தனை, அவற்றை வாங்கியவர் முன்னால் பார்த்தபடி வாங்கினாரா என்று ரீப்ளேயில் பாருங்கள். அதில் முன்னேற்றம் தெரிந்தால் சரியான வழியில்தான் போகிறீர்கள்.