ஒரே மார்க் ஷீட், மூன்று கணக்கு

பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த பிள்ளை வீட்டில் சும்மா இருக்கக் கூடாது. எங்கள் தெருவில் இது எழுதாத சட்டம். 2025 மார்ச் 25-ம் தேதியோடு தேர்வுகள் முடிந்தன. அந்த வாரமே அம்மா என்னை டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்த்துவிட்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அம்பாசமுத்திரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறார்கள் என்று யாரோ சொல்ல, அதிலும் பெயர் கொடுத்தாயிற்று. சென்னையில் இருக்கும் அத்தை தன் பங்குக்கு ஆன்லைனில் பைத்தான் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, "எப்படியும் இன்ஜினியரிங்தானே சேரப் போற, இப்பவே கத்துக்கோ" என்று லிங்க் அனுப்பினாள். சாயங்காலம் ஆற்றில் நீச்சல். ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ஸ்கூட்டி. ஊர் சேரன்மகாதேவி, நாங்கள் சேர்மாதேவி என்றுதான் சொல்வோம்.

"ஏட்டி, பரீச்சை எழுதுனது கையா காலா? இப்படி ஓடிக்கிட்டே இருக்கே?" என்று ஆச்சி கேட்பாள். அம்மாவின் கணக்கு வேறு. பிள்ளை சும்மா உட்கார்ந்தால் ரிசல்ட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும் என்று பயந்தாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கணக்குப் பரீட்சை எப்படி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய மே மாதம் வரை அவகாசம் இருந்தது.

பைத்தான் வகுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸில் படித்ததையே மறுபடி சொன்னார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷில் தினமும் யாராவது ஒருவர் எழுந்து நின்று தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். முதல் நிமிடத்திலேயே எனக்கு என்னைப் பற்றிச் சொல்ல விஷயம் தீர்ந்துவிடும். பிங்க் பஸ்ஸில் காசு கொடுக்காமல் போய் வந்தது மட்டும் லாபம்.

டைப்ரைட்டிங் அப்படி இல்லை. மாடியில் ஒரு நீள அறை, வரிசையாகப் பழைய மெஷின்கள். முதலில் இங்கிலீஷ் லோயர். முதல் நாள் ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். பக்கம் பக்கமாக அதுவேதான். இடது சுண்டுவிரலில் 'ஏ' அழுத்தமாக விழாது; தாளில் மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாகவும் 'ஏ' மட்டும் சாம்பலாகவும் இருக்கும். மாஸ்டர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சுண்டுவிரலுக்குச் சோறு போடும்மா" என்பார். கீழே குனிந்து கீயைப் பார்த்தால் பின்னாலிருந்து ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். வரி முடியும்போது மணி அடிக்கும். இடது கையால் தள்ளினால் வண்டி கடகடவென்று திரும்பும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அரசுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். குரூப் 4 தட்டச்சர் வேலைக்குத் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் வேண்டும், அதில் ஒன்றாவது ஹையராக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இரண்டு அக்காக்கள் அப்படித்தான் அரசு வேலைக்குப் போனார்கள். ஆகையால் அம்மாவுக்கு இந்த வகுப்பின் மேல் தனி மரியாதை.

நீச்சல் சொல்லிக் கொடுத்தது சித்தி. பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து நெஞ்சுக்கடியில் அணைத்துக்கொண்டு காலை உதைக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் இப்படித்தான் பழகியிருப்பார்கள். அக்னி நட்சத்திரத்திலும் தாமிரபரணியில் தண்ணீர் ஓடும். கரையோரம் சூடாகவும் நடுவில் ஜில்லென்றும் இருக்கும். குடத்தை விட்டுவிட்டு நடு ஆற்றுப் பாறை வரை போய்ச் சேர்ந்த சாயங்காலம், கரையில் துணி அலசிக்கொண்டிருந்த ஆச்சி சோப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு என்னைத் திட்டினாள்.

ரிசல்ட் மே 9 என்று சொல்லியிருந்தார்கள். பிறகு ஒரு நாள் முன்னதாக 8-ம் தேதியே வெளியிடுவதாக அறிவித்துவிட்டார்கள். மனதைத் தேற்றிக்கொள்ள வைத்திருந்த ஒரு நாளும் போயிற்று. காலையில் தேர்வுத் துறை தளத்தைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கையில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. அப்பா கேரளாவில் கொத்தனார் வேலை பார்க்கிறார். பள்ளியில் கொடுத்திருந்தது அவருடைய நம்பர். எஸ்.எம்.எஸ். அவருக்குப் போய்விட்டது.

"ஏம்மா, நானூத்தி அறுபத்தொண்ணுன்னு வந்திருக்கு. நல்ல மார்க்குதானே?"

தமிழ் 97, ஆங்கிலம் 84, கணக்கு 58, இயற்பியல் 63, வேதியியல் 71, கம்ப்யூட்டர் சயின்ஸ் 88. அவர் ஒவ்வொன்றாகப் படிக்க நான் நோட்டின் பின் அட்டையில் எழுதினேன். நல்ல மார்க்குதான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். 461 நல்ல மார்க்குதான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் 461-க்காகக் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறும்போது பாஸ் என்பது செய்தியே இல்லை. எல்லோரும் கேட்டது கட்-ஆஃப்.

பொறியியலுக்கு மொத்தம் 200. கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. எனக்கு 58, 31.5, 35.5. கூட்டினால் 125. பள்ளியில் 170 வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை நான். அன்று மதியம் அம்மா சுற்றிய பீடியைக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோகும்போது என்னைக் கூட வர வேண்டாம் என்றாள். அங்கே வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லோரும் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வந்தவள் சொளகை மடியில் வைத்து அடுத்த இலையை எடுத்துக்கொண்டு, "கேட்டாளுவ. தமிழ்ல தொண்ணூத்தேழுன்னு சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

அத்தை விடவில்லை. கணக்கில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, பேப்பரை எடுத்துப் பார் என்றாள். இந்த வழிமுறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். விடைத்தாள் நகலுக்குப் பாடத்துக்கு 275 ரூபாய். நகல் பிறகு தளத்தில் வரும், தரவிறக்கிக்கொள்ளலாம். மறுமதிப்பீடு வேண்டுமென்றால் நகல் வாங்கியிருக்க வேண்டும். அதற்குப் பாடத்துக்கு 505 ரூபாய் தனி. வெறும் மறுகூட்டலுக்குக் கட்டணம் குறைவு. நகல் வாங்கியதும் முதலில் மார்க்கைக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் மார்க் போடாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் இன்னும் கிடைத்திருக்குமே என்ற வாதமெல்லாம்.

நான் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். கணக்கில் அகமதிப்பீடு 10 போக எழுத்துத் தேர்வு 90-க்கு. ஒரு மார்க் 20, பிறகு இரண்டு, மூன்று, ஐந்து மார்க்கில் ஏழேழு. கூட்டல் சரியாக இருந்தது. விட்டுப்போன பக்கம் எதுவும் இல்லை. ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மார்க் கேள்விகளில் நிமிர்ந்து நிற்கிற எழுத்து, ஐந்து மார்க் வரவர வலப்பக்கம் சாய்கிறது. தொகையிடல் கணக்கில் மூன்று வரி எழுதி, அடித்து, மறுபடி அதே மூன்று வரி. கலப்பு எண் கணக்கில் கடைசி வரி எனக்குத் தெரிந்திருக்கிறது, நடுவழி தெரியவில்லை. நடுவில் ஒரு குதி குதித்திருக்கிறேன். திருத்தியவர் அந்தக் குதியைச் சுழித்து, அதற்கு முன்னால் இருந்ததற்கு மட்டும் மார்க் போட்டிருக்கிறார். நான் திருத்தியிருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

விசித்திரமாக, அதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. யாரோ தெரியாதவர் என் தாளை வரிவரியாகப் படித்திருக்கிறார். இந்த 58 எங்கிருந்தோ வந்து விழுந்தது இல்லை. இரண்டு வருடம் கணக்கு டியூஷனில் நான் எங்கே தலையாட்டிவிட்டு எங்கே புரிந்துகொண்டேனோ, அது அப்படியே தாளில் இருந்தது. மறுமதிப்பீட்டுக்குப் போகவில்லை. அத்தையிடம் சொன்னபோது, "505 ரூவா நான் அனுப்புறேன்" என்றாள். பணம் பிரச்சினை இல்லை அத்தை, மார்க் சரியாத்தான் இருக்கு என்றேன். நகலைப் பார்க்காமலே அவளுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

பொறியியலுக்கும் கலை அறிவியல் கல்லூரிக்கும் இரண்டு தளங்களிலும் விண்ணப்பித்திருந்தேன். அரசுக் கலைக் கல்லூரிகளுக்குப் பதிவும் விண்ணப்பமும் சேர்த்து 50 ரூபாய். அங்கேதான் எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. அந்தக் கல்லூரிகளில் ஒரே தரவரிசை கிடையாது. பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாட மார்க்கைக் கூட்டி 400-க்குப் பார்க்கிறார்கள். அதில் எனக்கு 280. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மார்க்கைத்தான் பார்க்கிறார்கள், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க்கை. ஆக, அதே மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு நான் ஒரு பட்டியலில் 200-க்கு 125, இன்னொன்றில் 400-க்கு 280, மற்றொன்றில் 97. மூன்றில் எதுவும் பொய் இல்லை. ஒவ்வொரு பட்டியலும் வேறு கேள்வி கேட்கிறது, அவ்வளவுதான். எனக்கு எந்தக் கேள்வி பிடித்திருக்கிறது என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

திருநெல்வேலி ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியின் தமிழ்ப் பட்டியலில் என் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது.

இங்கேதான் உண்மையான இழுபறி. 125 என்றால் பொறியியல் கிடைக்காது என்று ஆகிவிட்டிருந்தால் சுலபம். ஆனால் நான் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் தனித் தரவரிசை. அதில் 125-க்கும் ஓரளவு நல்ல கல்லூரியே கிடைக்கும். படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்றுக்கொள்ளும். அத்தை போனில் இதைச் சொன்னபோது அவள் பக்கம் நியாயம் இருந்தது. "ஒரு பைசா செலவில்ல. சும்மா கிடைக்கிறத யாராவது வேண்டாம்னு சொல்லுவாளா?"

சும்மா கிடைக்கிறது, சரி. அங்கே போனால் முதல் வருடமே மறுபடி கணக்கு. விடைத்தாளில் அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்த்த பிறகு, அதையே இன்னும் நாலு வருடம் எழுத எனக்கு மனசில்லை. கணக்கு வராததால் தமிழுக்கு ஓடுகிறேனா என்று அம்மா கேட்டாள். கொஞ்சம் அதுவும்தான் என்றேன். அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். சிரித்துவிட்டாள்.

கலைக் கல்லூரிக் கலந்தாய்வு ஜூன் தொடக்கத்திலேயே வந்துவிடும், பொறியியலுக்கு ஜூலை. இந்த இடைவெளியில்தான் பல வீடுகளில் சண்டை. இப்போது கிடைப்பதை விட்டால் போயிற்று, சேர்ந்தால் அசல் சான்றிதழ்களைக் கொடுத்தாக வேண்டும். பலர் முதலில் சேர்ந்துவிட்டு, ஜூலையில் டி.சி.யைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். "அதையாவது செய்" என்றாள் அத்தை. கலந்தாய்வு நாளில் அம்மா பீடிக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். செங்கோட்டையிலிருந்து வரும் பாசஞ்சரில் ஜங்ஷன், அங்கிருந்து டவுன் பஸ். மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாவற்றிலும் நகல் எடுத்துப் போங்கள். அங்கே போய் ஜெராக்ஸ் கடை தேடினால் முறை போய்விடும். மேஜையில் இருந்த பேராசிரியை மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "மேக்ஸ் குரூப்பா? தமிழ் விருப்பப்பட்டுத்தான் எடுக்கிறியா, வேற கிடைக்கலைன்னா?" என்று கேட்டார். விருப்பப்பட்டுத்தான் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

ஜூன் கடைசியில் வகுப்பு தொடங்கியது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வரும் என்று விண்ணப்பம் வாங்கினார்கள். ஜூலையில் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் கொடுக்கச் சொல்லி எஸ்.எம்.எஸ். வந்தது, இதுவும் அப்பாவுக்குத்தான். அவர் போன் பண்ணி, "வந்திருக்கு, என்ன செய்யணும்?" என்றார். ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

டைப்ரைட்டிங்கை விடவில்லை. கல்லூரி சேர்ந்த பிறகு தமிழ் மெஷினுக்கு மாறினேன். அதில் புள்ளியை முதலில் அடித்துவிட்டுப் பிறகு எழுத்தை அடிக்க வேண்டும். புள்ளி அடித்தால் வண்டி நகராது, எழுத்து வந்து அதன் கீழே உட்கார்ந்த பிறகுதான் நகரும். இங்கிலீஷ் பழகிய கைக்கு இது பிடிபடக் கொஞ்சம் காலம் ஆயிற்று. மாஸ்டர் ஸ்கேலை மறுபடி எடுத்துவிட்டார்.

ஆவணியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அத்தை வந்திருந்தாள். பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இன்ஜினியரிங்கே கிடைச்சது, வேண்டாம்னுட்டா. தமிழ் எடுத்தா ஐ.ஏ.எஸ். எழுத வசதின்னு சேர்ந்திருக்கா." நான் சொதிக்கு இஞ்சிப் பச்சடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.