பிரித்த பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்: ஒரு சலாமி புகாரின் கதை

கடையில் வாங்கிய சலாமியோ சாசேஜோ (பதப்படுத்தி உருளையாக்கிய இறைச்சி) கெட்டுப்போயிருந்தது என்று புகார் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் பிரித்துச் சாப்பிட்ட மிச்சத்தை அதிகாரிகள் யாரும் சோதனை மாதிரியாக வாங்க மாட்டார்கள். "உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல கெட்டுப்போச்சோ என்னமோ, யாருக்குத் தெரியும்?" என்பார்கள். என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். அப்போது சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், கடைக்காரரின் வக்கீலும் நாளைக்கு அதையேதான் கேட்பார்.

ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கை ஆற்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வேலூரில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில், கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குள் முழு உருளையாக வைத்திருந்து, கேட்ட எடைக்கு மெஷினில் சீவித் தரும் சிக்கன் சலாமி வாங்கினோம். சூடு பண்ணாமல் பிரெட்டுக்குள் வைத்துச் சாப்பிட்டாள். மறுநாள் காலை மிச்சத்தை எடுத்துப் பார்த்தால், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கோந்து மாதிரி நூல் இழுத்தது. புளித்த வாடை வேறு. அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிவிட்டு ஒரு விஷயம் சொன்னார். வழவழப்பும் வாடையும் சாதாரணமாகக் கெட்டுப்போனதன் அடையாளம்தான். கர்ப்பிணிகள் பயப்பட வேண்டிய லிஸ்டீரியா என்ற கிருமி அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது. வாசனை, நிறம், ருசி எல்லாம் சரியாக இருக்கும். நோய் தரும் மற்ற கிருமிகளில் பெரும்பாலானவை ஃப்ரிட்ஜ் குளிரில் அடங்கிக் கிடக்கும், இது அங்கேயும் மெதுவாகப் பெருகும். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போனாலும் வயிற்றுக் குழந்தைக்கு உயிராபத்து. அதைவிடக் கொடுமை, சாப்பிட்டு 70 நாள் வரைகூட கழித்து நோய் வெளிவரலாம் என்பது. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, காய்ச்சலும் தானாக இறங்கிவிட்டது. ஆனாலும் அந்த 70 நாளும் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அம்மா காலண்டரில் வட்டம் போட்டே வைத்துவிட்டார்.

தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் சலாமி மாதிரியே பதப்படுத்திய இறைச்சியான 'பொலோனி' மூலமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு லிஸ்டீரியா தொற்றி, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அமெரிக்காவில் 2024இல் சீவி விற்கும் இறைச்சியால் 10 பேர் இறந்து, தயாரித்த ஆலையையே மூடினார்கள். சீவும் மெஷினின் கத்தியிலும் இடுக்கிலும் கிருமி ஒட்டிக்கொண்டால், அடுத்தடுத்து சீவும் ஒவ்வொரு உருளைக்கும் அது ஏறிவிடும். இதையெல்லாம் படித்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

மாநில உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பிலேயே புகார் அனுப்பலாம். போட்டோ, பில், முகவரி எல்லாம் போட்டு அனுப்பினேன். முகவரி என்ற இடத்தில் என் வீட்டு முகவரி முதலில் இருந்தது. 2019இல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து ஆற்காடு ராணிப்பேட்டையில், கடை இருப்பது வேலூரில். புகார் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. "அந்தக் கடை எங்க லிமிட்ல வராதுங்களே" என்று ஒரு நாள் பதில் வந்தது. எழுதும்போது முதல் வரியிலேயே கடையின் முகவரியையும் மாவட்டத்தையும் போடுங்கள். உங்கள் முகவரி கடைசியில் இருந்தால் போதும்.

ஆய்வுக்கு ஆள் போனபோது அந்த சலாமி உருளை கடையில் இல்லை. எப்படி இருக்கும்? ஆனால் போன அலுவலர் நல்லவர். கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். 4 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 12 காட்டியிருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவில், குறையைச் சரிசெய்யச் சொல்லும் மேம்பாட்டு நோட்டீஸ் கொடுக்கப் பரிந்துரைத்தார். இல்லாத உருளைக்கு அவரால் மாதிரி எடுக்க முடியாது. போனில் என்னிடம், "நீங்களே சட்டப்படி வாங்கி டெஸ்ட்டுக்குக் கொடுக்கலாம் சார், 40ஆவது பிரிவைப் படிங்க" என்றார். இத்தனை அலைச்சலில் உருப்படியாகக் கிடைத்த ஒரே தகவல் அதுதான்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு சொல்வது இது: பொருளை வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை செய்துகொள்ளலாம். ஆனால் சோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். திருட்டுத்தனமாக வாங்கி வந்தால் செல்லாது. பொருள் சரியில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சொல்லிவிட்டு வாங்குவது எவ்வளவு பெரிய கூத்து என்பதைக் கடையில்தான் பார்த்தேன். சோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போனேன். மேனேஜர் படித்துவிட்டு, "இன்னா சார், ஒரு சலாமிக்குப் போயி சட்டமா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் மேலிடத்துக்குப் போன். போனை வைத்துவிட்டு வந்தவர் குரலே மாறிவிட்டது. "உள்ள புது ஸ்டாக் இருக்கு சார், அதுலேருந்து தரச் சொல்றேன்." வேண்டாம், கண்ணாடிக்குள் இருக்கிற, பாதி வெட்டிய அந்த உருளைதான் வேண்டும் என்று நின்றேன். "அது இன்னிக்கு விற்பனைக்கு இல்லை சார்." விலைச்சீட்டு குத்தி வைத்திருக்கிறதே என்றேன். சீட்டைப் பிடுங்கக் கை போனது. அதற்குள் போனில் படம் எடுத்துவிட்டேன்.

உருளையின் உறையையும் விடாமல் படம் எடுத்தேன். பேட்ச் எண், தயாரித்த தேதி, பிரித்தால் மூன்று நாளைக்குள் பயன்படுத்தவும் என்ற வரி எல்லாம் உறையில்தான் இருக்கும். சீவித் தருகிற பொட்டலத்தில் எடையும் விலையும் மட்டும்தான் ஒட்டுவார்கள். எப்போது பிரித்தது என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒரு நாள் சொன்னார்கள். மெஷினில் நின்ற பையன் சீவிக்கொண்டே, மேனேஜர் காதில் விழாமல், "நைட்டு கடை சாத்தும்போது மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான்ணா போவோம்" என்றான். வேலூர் வெயிலுக்கு, பூட்டிய கடைக்குள், கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ்! 12 டிகிரி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. இதை நான் யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. பையனுடைய வேலை போய்விடும்.

கடிதத்தில் கையெழுத்துப் போட மேனேஜர் மறுத்துவிட்டார். போடாவிட்டால் விட்டுவிடாதீர்கள். அங்கேயே படித்துக் காட்டி வீடியோ எடுங்கள், கார்டில் பணம் கட்டுங்கள். நேரம் பில்லில் விழுந்துவிடும்.

அப்புறம் ஆய்வகம். தெர்மாகோல் பெட்டியில் மீன் மார்க்கெட் ஐஸைப் போட்டு, காட்பாடியில் ரயில் ஏறி சென்னைக்குப் போனேன். மாதிரி வாங்கும் இடத்தில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு பாக்கெட்தானா?" என்றார். கிருமிச் சோதனைக்கு ஒரே சரக்கிலிருந்து ஐந்து தனித்தனிப் பொட்டலங்கள் வேண்டுமாம். ஐந்தில் எத்தனை தேறுகிறது என்று பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம். கலப்படச் சோதனை மாதிரி ஒரு பொட்டலத்தைப் பங்கு போட முடியாது. முன்னாடியே போன் பண்ணிக் கேட்டபோது, "ஐஸ்ல வெச்சு எடுத்துட்டு வாங்க" என்று மட்டும்தான் சொன்னார்கள். ஐஸ் தண்ணீர் பேன்ட் எல்லாம் ஒழுக ஊர் திரும்பினேன்.

மறுபடியும் அதே கடை, அதே கூத்து, இந்த முறை ஐந்து பொட்டலம். உருளை வேறு. பழையது தீர்ந்துவிட்டது என்றார்கள், தீர்த்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஐஸுக்குப் பதில், மருந்துக் கடையில் இன்சுலினோடு வைத்துத் தருவார்களே, அந்த ஜெல் பாக்கெட்டுகளை வைத்தேன். ஒழுகாது, பொட்டலத்துக்குள் தண்ணீரும் இறங்காது. ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்தால் கிருமிகளில் ஒரு பகுதி செத்துப்போகும், எண்ணிக்கை குறைத்துக் காட்டும். கடையிலிருந்து நேராக ரயிலுக்குப் போய்விடுங்கள். இந்த முறை வாங்கிக்கொண்டார்கள். பணம் கட்டி ரசீது வாங்கியதெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

அலுவலர் எடுக்கும் மாதிரிக்கு 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. என்னுடையது அதைவிடத் தாமதமாகத்தான் வந்தது. லிஸ்டீரியா இல்லை, உணவை நஞ்சாக்கும் இன்னொரு கிருமியான சால்மோனெல்லாவும் இல்லை. முதலில் அந்த வரியைத்தான் தேடிப் படித்தேன், தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆனால் மொத்தக் கிருமி எண்ணிக்கை வரம்பைத் தாண்டியிருந்தது. 'தரம் குறைந்தது' என்று முடிவு. பாதுகாப்பற்றது என்று வந்திருந்தால் கோர்ட்டுக்குப் போயிருக்கும். தரம் குறைந்தது என்பதால் அபராதத்தோடு நிற்கும், அதிகபட்சம் 5 லட்சம். கடைக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. அந்த விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடையில் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் தெர்மாமீட்டர் தொங்குகிறது. சீவிய பொட்டலத்தில் பிரித்த தேதியும் ஒட்டுகிறார்கள். மெஷினைக் கழற்றிக் கழுவுகிறார்களா என்பது கண்ணுக்குத் தெரியாது, அதனால் வீட்டில் இப்போது சலாமி வாங்கினால் ஆவி பறக்கச் சூடு பண்ணாமல் யாரும் தொடுவதில்லை. 74 டிகிரி ஏறினால் லிஸ்டீரியா பிழைக்காது. தங்கைக்குப் பையன் பிறந்தான், நன்றாக இருக்கிறான்.

கட்டணத்தைத் திரும்பக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். அசல் ரசீது வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அசலைப் போன மனுவோடு வாங்கி வைத்துக்கொண்டதே அந்த மேசைதான். நல்ல வேளை, அன்றைக்கு ஜெராக்ஸில் 'அசல் பெறப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு சீல் வாங்கியிருந்தேன். அதைக் காட்டியதும் அந்த மேசைக்காரர் பீரோவைத் திறந்து தேட ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.