இவர் நட்ட றோசா

மார்ச் 26
எதிர்வீட்டு ஃபோர்சித்தியா மஞ்சளாய் விரிந்துவிட்டது. அது பூத்தால் றோசா வெட்டும் நேரம் என்பது இந்த ஜேர்மன் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி இவர் முதல் கேட்டதும் அதைத்தான்: "பூத்திட்டுதோ?" ஓம் என்றேன். "அப்ப வெட்டு."

மார்ச் 28
வெட்டினேன். கண் பார்த்துக் கொப்புக் கொப்பாய் வெட்ட வேண்டிய சாதி இல்லை இது. வேலி வெட்டும் பெரிய கத்தரிக்கோலால் ஒரு சாண் விட்டு மிச்சத்தைச் சாய்க்கலாம். சந்தேகமான கொப்புகளை மட்டும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தோலுக்குக் கீழே பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் பட்டது. நல்ல கொப்புகளையும் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 29
இவரின் வெள்ளையணு 0.8.

ஏப்ரல் 4
கீர்ஷ் என்கிற களை. சரிவு முழுக்கக் கீர்ஷ். றோசாவை வெட்டின பிறகுதான் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிகிறது. மண்ணுக்குள் வெள்ளை வேர் குறுக்கும் மறுக்குமாய் ஓடுகிறது. விரற்கடைத் துண்டு ஒன்று தப்பினால் போதும், அடுத்த கிழமை அதிலிருந்து இலை எட்டிப் பார்க்கும். றோசா வேருக்குள்ளேயே நுழைந்திருப்பதை எப்படி எடுப்பது?

நிலம் மூடும் றோசா என்றுதான் விற்கிறார்கள். மூடும், கோடையில். குளிருக்கு இலை கொட்டி வெறுங்கொப்பாய் நிற்கும்போது வெளிச்சம் நேரே மண்ணில் விழும். றோசா துளிர்க்கு முன்னம் கீர்ஷுக்கு விடிந்துவிடுகிறது. நட முதல் ஒரு வருசம் நிலத்தைக் கிண்டி வேர் பொறுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக் கிழவி அன்றைக்கே சொன்னா. இவருக்கு அவசரம். ஒக்டோபரில் வேர்க்கண்டு மலிவாய் வந்ததும் சதுர மீட்டருக்கு மூன்று என்று அளந்து நட்டுவிட்டார். இப்போது முள்ளுக்குள் கை விடுவது நான்.

பிடுங்கினதில் இளங்குருத்தைக் கழுவி, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு வறை வறுத்தேன். தின்னலாம். கோபம் போகவில்லை.

ஏப்ரல் 5
வார்ட் வாசலில் கிருமிநீக்கியை அமத்தினால் ஒவ்வொரு முள்ளுக்கீறலும் தனித்தனியாய் எரிகிறது. முழங்கைவரை தேய்த்தேன். தாதி என் கையைப் பார்த்துவிட்டுப் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டாள்.

ஏப்ரல் 11
மரப்பட்டை வாங்கிப் போடச் சொல்கிறார். வெறும் மரப்பட்டை போட்டால் அது உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், றோசா மஞ்சளடிக்கும். அதனால் அதற்கு முதல் கொம்புச்சீவல் தூவி மண்ணைக் கிளற வேண்டும். மாட்டின் கொம்பும் குளம்பும் சீவினது. அம்மா இருந்தால் வெள்ளிக்கிழமையில் அந்தப் பையை வீட்டுக்குள் எடுக்க விட்டிருக்க மாட்டா. நான் கராஜில் வைத்தேன்.

மூட்டை தூக்கிற ஆள் இவர். கடைப்பையன் காருக்குள் ஏற்றிவிட்டான். இறக்க ஆளில்லை, காருக்குள்ளேயே கிழித்து வாளி வாளியாய் அள்ளினேன்.

ஏப்ரல் 20
இவருக்குக் காய்ச்சல். போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 21
எடுக்கவில்லை. கீர்ஷ் பிடுங்கினேன், இருட்டும்வரை.

ஏப்ரல் 23
"மரப்பட்டை எத்தனை விரல் உயரம் போட்டனி?" குரல் மெல்லிசாய் வந்தது. ஆனாலும் அதே அதிகாரம்! நான்கு விரல் என்றேன். கண்டின் அடியிலிருந்து தள்ளிப் போட்டியோ என்றார். ஓம், ஓம், ஓம்.

மே 12
பனிப் புனிதர்களின் நாட்கள், 11 முதல் 15 வரை. கடைசி உறைபனிக்கு இங்கே பயப்படுகிற நாட்கள். விடிய எழும்பிப் பார்த்தேன், 2 பாகை. துளிருக்கு ஒன்றும் இல்லை. கிழவி தன் தக்காளிக் கண்டுகளை இன்னும் யன்னலுக்குள் வைத்திருக்கிறா.

மே 18
அந்த வார்ட்டுக்குள் பூவும் கொண்டுபோக ஏலாது, சாடியும் கொண்டுபோக ஏலாது. சாடித் தண்ணியிலும் மண்ணிலும் இருக்கிற பூஞ்சணம் இவருக்கு ஆகாது. அதனால் தினமும் போனில் படம். இன்றைக்கு ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, "இந்த இலை ஏன் உருளுது?" என்றார். நான் கவனிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்துப் பதினைந்து இலை யாழ்ப்பாணச் சுருட்டு மாதிரி இறுகச் சுருண்டிருக்கிறது. கறுப்புக் குளவி ஒன்று இலை ஓரத்தில் முட்டையிட்ட வேலை. ஒன்றை விரித்தேன், உள்ளே வெளிறிய பச்சைப் புழு. மருந்து தேவையில்லை, சுருண்டதைக் கிள்ளிக் கட்டிக் குப்பையில் போட்டால் சரி.

ஆயிரம் யூரோ மெஷின்களெல்லாம் வைத்துக்கொண்டு அவருக்குள் ஏன் என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. அவர் ஒரு படத்தில் கண்டுபிடிக்கிறார்.

மே 27
பழைய சண்டையைத் திரும்பப் பிடித்தோம். நல்ல அறிகுறி. இவருடைய றோசா ஹைடெட்ரௌம், 1988இல் நோவாக் உருவாக்கினது. எங்கள் பிலெஃபெல்டிலிருந்து அரை மணித்தியாலத்தில் இருக்கிற குட்டர்ஸ்லோக்காரர் என்பதால் இவருக்குச் சொந்தக்காரர் மாதிரிப் பெருமை. வெளிநாட்டில் ஃப்ளவர் கார்பெட் என்று விற்கிறார்களாம். நோய் தாங்கும் றோசாவுக்கு ஜேர்மனியில் கொடுக்கிற ஆ-டே-எர் முத்திரையும் 1990இல் கிடைத்தது. எனக்கு வாசல் பக்கம் நிற்கிற த ஃபேரிதான், இங்கிலாந்தில் பென்டால் 1932இல் கொண்டுவந்தது. சின்னப் பூ, கொத்துக் கொத்தாய், பனி விழும்வரை ஓயாது. இரண்டுக்கும் சொல்லும்படி வாசம் இல்லை. வாசமில்லாத றோசா என்னத்துக்கு என்று இருபது வருசமாய்க் கேட்கிறேன். "நிலத்தைப் பிடிச்சு வைச்சிருக்க" என்றார்.

ஜூன் 2
1.9!

ஜூன் 8
ஹம் நகரக் காமாட்சி அம்மன் தேருக்கு இந்த முறை போகவில்லை. மகள் போய் அர்ச்சனை செய்துகொண்டு வந்தாள். விபூதியை வார்ட்டுக்குள் கொண்டுபோகலாமோ என்று கேட்கப் பயமாய் இருந்தது, என் நெற்றியில் பூசிக்கொண்டு போனேன். முகக்கவசத்துக்கு மேலே அது தெரியும்தானே.

ஜூன் 15
0.6.

ஜூன் 16
தண்ணி, காலையில், இலை நனையாமல் அடிக்கு மட்டும்.

ஜூன் 19
ஹைடெட்ரௌம் முதல் கொத்து. படம் அனுப்பினேன், நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. பின்னேரம் போனபோது முதல் அலை ஓய்ந்ததும் இன்னொருமுறை பசளை போடு, ஜூலை முடிந்த பிறகு போடாதே, கொப்பு முற்றாமல் குளிருக்குள் போய்விடும் என்றார். ஜூலைக்கு நீங்களே போடுங்கோ என்றேன். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 22
கீர்ஷும் பூத்துவிட்டது, வெள்ளையாய், றோசாவுக்கு மேலே நின்று. விதை விழ முதல் வெட்டியாக வேண்டும். இன்றைக்கு ஏலாது. பதினொரு மணிக்குப் பெரிய டொக்டர் என்னையும் மகளையும் வரச் சொல்லியிருக்கிறார்.